கொடிமரம் சுமந்த லோரி

திருவனந்தபுரத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு காலேஜ். பார்க்க வேண்டும் என்று போனதல்ல. தம்பானூர் பஸ் நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரரிடம், "யூனிவர்சல் ஜாயிண்ட் செய்கிற கடைக்குப் போகணும்" என்றேன். அவர் புரிந்ததுபோல் தலையாட்டினார். மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறி, பெரிய பெரிய மரங்கள் நின்ற ஒரு சிவப்புக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தினார். புத்தகம் வைத்துக்கொண்டு பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"யூனிவர்சிட்டி ஜங்ஷன்" என்றார்.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த உடைந்த இரும்பை எடுத்துக் காட்டினேன். அவர் முகமே மாறிவிட்டது. "அய்யோ சேட்டா, லோரியுடெ கிராஸ்!" என்று தலையில் அடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். அவர் 'லோரி' என்று சொன்னது எனக்கு இனித்தது. தமிழ்நாட்டில் லாரி என்கிறார்கள். எங்கள் மலேசியாவில் லோரி. இங்கேயும் லோரி. கடல் தாண்டி வந்து ஒரு சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

எங்கள் ஊர் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட். நானும் தம்பி முருகேசும் லோரிப் பட்டறை வைத்திருக்கிறோம். பட்டறைக்குச் சொந்தமாக ஒரு லோரியும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் பட்டாளத்துக்காகச் செய்த வண்டி. போர் முடிந்து பட்டாளம் விட்டுப் போன வண்டிகளை மரம் வெட்டுகிறவர்கள் வாங்கிக் காட்டுக்குள் ஓட்டினார்கள். சேறு, பாறை, ஓடை எதற்கும் நிற்காது. சீனர்கள் அதற்கு 'மலைராஜா' என்று அர்த்தம் வருகிற பெயர் வைத்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் எங்கள் மலைராஜா காட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. கிராஸ் உடைகிற வரைக்கும்.

கிராஸ் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்ஜினின் சுழற்சி பின் சக்கரங்களுக்குப் போவது வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஓடுகிற ஒரு நீளமான இரும்புத் தண்டு வழியாக. ஷாஃப்ட் என்போம். சக்கரம் பள்ளத்தில் இறங்கிப் பாறையில் ஏறும்போது அந்தத் தண்டும் மடங்கிக் கொடுத்துக்கொண்டே சுற்ற வேண்டும். அதற்காக அதன் நுனியில் மணிக்கட்டு மாதிரி ஒரு மூட்டு. மூட்டுக்குள் கூட்டல் குறி வடிவத்தில் ஓர் இரும்பு. அதன் நான்கு கைகளிலும் நான்கு தொப்பிகள். ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள். இவ்வளவுதான். உள்ளங்கையில் அடங்குகிற இந்த இரும்பு போனால் மலைராஜா வெறும் தகரக் கொட்டகை.

மூன்று மாதத்தில் எங்களுக்கு மூன்று கிராஸ் உடைந்தது. சரியான அளவு எங்கும் கிடைக்கவில்லை. பக்கத்து அளவை வாங்கித் தேய்த்துப் போட்டோம். உடைந்தது. மரக் குத்தகை எடுத்திருந்த சீன முதலாளியான தவுக்கே, மாதக் கடைசிக்குள் லோரி மலையேறாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அந்தச் சமயத்தில்தான், எங்கள் பட்டறைக்கு எண்ணெய் விற்க வரும் நாகர்கோவில்காரர் ஒருவர் சொன்னார்: "திருவனந்தபுரம் சாலையிலே தங்கையன்னு ஒருத்தர் இருக்காரு. பட்டாள வண்டிக்கு அவரு கிராஸ் செஞ்சா அப்புறம் அதை நீங்க மறந்துரலாம்."

சாலை என்பது கோட்டைப் பக்கத்துக் கடைத்தெரு. அரிசி மூட்டை, கயிறு, வெல்லம், பித்தளை விளக்கு, இரும்புச் சாமான் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். தமிழ் மலையாளத்துக்குள் போய் முங்கி, நாலு வார்த்தை கழித்து வேறு நிறத்தில் வெளியே வரும். ஆணி விற்கிறவர் ஒருவர் போனில், "நாளைக்குத் தீர்ச்சயா அனுப்பிருதேன், பேடிக்காண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்டிப்பாக அனுப்புகிறாராம், பயப்பட வேண்டாமாம். எனக்கு மலையாளம் ஓரளவு தெரியும். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி மலையாளி. அவர் என் அப்பாவைத் திட்டும்போது கேட்டுக் கற்றுக்கொண்டது.

தங்கையனின் பட்டறை ஒரு கயிற்றுக் கடைக்குப் பின்னால் இருந்தது. ஒரு லேத், ஒரு சாணைச் சக்கரம், ஓர் உலை. அவருக்கு ஐம்பது வயதிருக்கும், என் வயதுதான். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அந்த இடத்தில் ஒயர் சுற்றியிருந்தது. நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று அவர் கேட்கவில்லை. உடைந்த கிராஸை வாங்கினார். அதன் ஒவ்வொரு கையையும் கட்டைவிரலால் தடவினார்.

"மூணு கைக்கு கிரீஸ் போயிருக்கு. இந்த ஒண்ணு பட்டினி கெடந்து செத்திருக்கு" என்றார். "பட்டாள வண்டிதானே? இந்த அளவு எனக்குக் காணாப்பாடம். கிளிமானூர்ப் பக்கம் ஒரு வண்டி ஓடுது. இனி சொல்லுங்க அண்ணாச்சி, எங்கேருந்து வாறிய?"

மலேசியா என்றதும் உள்ளே திரும்பி மனைவியிடம், "ரோசம்மா, சாயா ரெண்டு" என்றார்.

அஞ்சு நாள் ஆகும் என்றார். ஏழாம் நாள் காலையில் எனக்கு விமானம். சரி என்றேன்.

மறுநாள் காலை லாட்ஜுக்குக் கீழே புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். எங்கள் ஊரில் பரோட்டா மாதிரி மெல்லிய ரொட்டி சானாய் சாப்பிட்டே பழகிய வயிறு, மத்தியானம் மூன்று மணி வரை மூச்சுக் காட்டவில்லை. குடிப்பதற்கு இளஞ்சிவப்பு நிறத்தில் சுடுதண்ணீர் வைத்தார்கள். சாயம் போன துணியை அலசிய தண்ணீர் என்று நினைத்துத் தொடவில்லை. பக்கத்து மேஜைக்காரர் தன் டம்ளரைக் குடித்து முடித்து, "எடுத்தோட்டே?" என்று கேட்டு என்னுடையதையும் குடித்துவிட்டுப் போனார். அது மரப்பட்டை போட்டுக் காய்ச்சியது, உடம்புக்கு நல்லது என்று ரோசம்மா பிறகு சொன்னார்.

அன்று தங்கையன் இரும்பு தேடினார். மூலையில் பழைய அச்சு, தண்டு, பல்சக்கரம் எல்லாம் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துச் சாணையில் ஒரு நொடி வைப்பார். பொறி பறக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். கீழே போட்டுவிடுவார். எனக்கு எல்லாப் பொறியும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி. இது நுனியிலே பூப்பூவா வெடிக்குதா? இது வேண்டாம். முழுசும் வெறைச்சு நிக்கும், அடி விழுந்தா சடக்குன்னு போயிரும்." வேறொன்றை வைத்தார். பொறி நீளமாக, நிதானமாக, அதிகம் வெடிக்காமல் போனது. "இது கொள்ளாம். இதுக்கு மேல்தோலை மட்டும் வெறைக்க வைக்கலாம். உள்ளே எளக்கம் அப்படியே நிக்கும். தோல் தேயப்பிடாது, உள்ளே ஒடியப்பிடாது. அதான் கிராஸ்."

முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். நான் உடைந்ததைக் கழற்றிப் புதிதைப் போடுகிறவன். பொறியைப் பார்த்து இரும்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிற ஒருவரின் பக்கத்தில் நிற்பது அதுவே முதல் தடவை. வாயைத் திறந்தபடி நின்றிருக்க வேண்டும். ரோசம்மா சிரித்துக்கொண்டே ஒரு வாழைக்காப்பத்தைக் கையில் கொடுத்தார். நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்தது. எங்கள் ஊர்ப் பீசாங் கோரெங்கின் பெரிய அண்ணன்.

மூன்றாம் நாள் ஹர்த்தால். எதற்கென்று கேட்டேன். லாட்ஜ்காரருக்கே சரியாகத் தெரியவில்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கடை இல்லை. ஒரு நகரம் முழுவதும் இவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருக்குமா! நட்ட நடு ரோட்டில் நடந்தே சாலைக்குப் போனேன். பட்டறைக் கதவு முக்கால்வாசி இறக்கியிருந்தது. குனிந்து பார்த்தால் உள்ளே தங்கையன் பழுத்த இரும்பை அடித்துக்கொண்டிருந்தார். "ஹர்த்தால் கடைக்குத்தான். உலைக்கு இல்லே" என்றார்.

அடித்து உருவாக்கியதை லேத்தில் கடைந்தார். நான்காம் நாள் காலையில், அதைக் கரித்தூளும் எலும்புத் தூளும் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடி, உலைக்குள் தள்ளினார். சாயங்காலம் வரை தீ குறையாமல் பார்த்துக்கொண்டார். எடுத்து எண்ணெய்க்குள் இறக்கியபோது பட்டறை முழுவதும் புகை. புகை அடங்கியதும் அரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "தேயுங்க." அமுக்கித் தேய்த்தேன். கண்ணாடியில் தேய்த்த மாதிரி அரம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

ஐந்தாம் நாள் ரோசம்மாவின் வேலை. அதுவரைக்கும் அவரைச் சாயா கொடுப்பவர் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அவர் ஒரு தட்டில் ஊசி உருளைகளைக் கொட்டி, ஒவ்வொன்றையும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்த்தார். சிலதை ஒதுக்கினார். ஒதுக்கியதில் ஒன்றைத் தங்கையன் அளவுக் கருவியில் வைத்து எனக்குக் காட்டினார். தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"எப்படிம்மா தெரியுது?" என்றேன்.

"தெரியலையா உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்டார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

தொப்பியின் உட்பக்கம் கிரீஸ் தடவி, ஊசிகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிறுத்தினார். கடைசி ஊசி இடுக்கில் போய் நின்றதும் எல்லாம் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டன. கிராஸின் கையை உள்ளே விட்டுச் சுற்றினார். சத்தமே இல்லை. அன்று ராத்திரி லாட்ஜில் அதைத் துண்டில் சுற்றித் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன்.

ஆறாம் நாள் காலை விடைபெற்றுக்கொள்ளப் போனேன். ரோசம்மா மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வைத்திருந்தார். நானும் தங்கையனும் சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் சட்டை போடாமல் வேட்டியும் தோளில் துண்டுமாக இருந்தார். முழங்கால் வரைக்கும் செம்மண். பெயர் சுகுமாரன். நேமத்துக்கு அப்பால் ஒரு சின்னத் தேவி கோயிலின் கமிட்டிச் செயலாளர். அவர் மலையாளத்தில் படபடவென்று சொன்னதை இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

கோயிலுக்குக் கொடிமரம் நிறுத்தப் போகிறார்கள். அதற்காகப் பாலோட்டுக்கு அப்பால் ஒரு தேக்கை விரதமிருந்து வெட்டியிருக்கிறார்கள். அந்த மரம் வெட்டிய நேரத்திலிருந்து கோயிலுக்குப் போய்ச் சேரும் வரை மண்ணில் படக்கூடாது. பட்டால் கொடிமரத்துக்கு ஆகாது, வேறு மரம் தேட வேண்டும். இந்த மரம் கிடைக்கவே இரண்டு வருஷம் தேடியிருக்கிறார்கள். காட்டுப் பாதையில் வேறு வண்டி இறங்காது என்று கிளிமானூர்ப் பட்டாள லோரியை வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் மரத்தை ஏற்றிப் புறப்பட்டு, ஒரு மேட்டில் ஏறும்போது படாரென்று ஒரு சத்தம். ஷாஃப்ட் கீழே தொங்குகிறது. வண்டி இரண்டடி பின்னால் வந்துவிட்டது. மரத்தின் வால் பின்னாலிருக்கும் மண் திட்டை இப்பவோ பிறகோ என்று தொடப் போகிறது. ஆட்கள் தோள் கொடுத்து நிற்கிறார்கள்.

தங்கையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிராஸ் செய்ய அஞ்சு நாளாவுமே சுகுமாரன் சாரே."

சுகுமாரன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கையன் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். ரோசம்மா மட்டும் என் பையை ஒரு தரம் பார்த்துவிட்டு, உடனே சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. முதலில் எனக்கு வந்தது கோபம். நான் ஏன் நேற்றே போய்விடவில்லை? முருகேசு அங்கே மலைராஜாவைக் கழுவித் துடைத்து வைத்திருப்பான். தவுக்கே சொன்ன நாளுக்கு நாலு நாள்தான் பாக்கி. நான் பக்கத்து ஐஎஸ்டி பூத்துக்குப் போய் அவனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆளுங்க தோள்ல வச்சிக்கிட்டா நிக்கிறாங்க?" என்றான்.

"ஆமாடா."

"அப்புறம் ஏன்ணே எனக்குப் போன் பண்ணிக்கிட்டு நிக்கிற?"

அதனால் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தவுக்கே சொன்னபடியே வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பருவம் முழுவதும் முருகேசு இன்னொருத்தருடைய லோரியை ஓட்டினான். தங்கையன் செய்த இரண்டாவது கிராஸ், எண்ணெய் விற்கும் நாகர்கோவில்காரர் மூலமாக மூன்று வாரம் கழித்து எங்களுக்கு வந்து சேர்ந்தது.

என் பையிலிருந்த கிராஸோடு ஜீப்பில் நான்கு பேரும் போனோம். தொப்பிகளைக் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும், ஊசி சாயாமல் பார்க்க ஆள் வேண்டும் என்று ரோசம்மாவும் வந்தார். நெடுமங்காடு தாண்டியதும் ரப்பர் மரங்கள். எங்கள் ஊர்தான் இது என்று ஒரு நிமிஷம் ஏமாந்தேன். எங்கள் தோட்டங்களில் ரப்பர் கோடு போட்டாற்போல் நிற்கும். இங்கே வீட்டுக் கொல்லை, மிளகுக் கொடி, பலாமரம் எல்லாவற்றுக்கும் நடுவில் உறவுக்காரர் மாதிரி நின்றது.

பாதை முடிந்த இடத்தில் இறங்கி நடந்தோம். ஒரு திருப்பம். அதைத் தாண்டியதும் என் கால் நின்றுவிட்டது.

செம்மண் மேட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு அந்த லோரி நின்றது. எங்கள் மலைராஜாவேதான். அதே முகம், அதே விளக்குகள். எந்த ஊரிலோ ஒரே அச்சில் வார்த்து, ஒன்றை மலாயாவுக்கும் ஒன்றை இந்தப் பக்கமும் அனுப்பியிருக்கிறார்கள். அதன் முதுகில் நாற்பது அடிக்கு மேல் நீளமான தேக்கு, பட்டைமேல் சிவப்புப் பட்டும் மாலையும் சுற்றி. லோரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பாதி மரத்துக்குக் கீழே மனிதர்கள். இரண்டு வரிசையாக, தோளோடு தோள். ரப்பர் வெட்டுகிறவர்கள், கண்ணாடி போட்ட ஒரு பாங்க்காரர், காக்கி நிக்கரோடு ஓர் ஆட்டோக்காரர். வாலுக்கும் மண் திட்டுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. விடியற்காலையிலிருந்து நிற்கிறார்கள். ஒருவர் விலகினால் அந்த இடத்தில் இன்னொருவர் தோளைக் கொடுத்த பிறகுதான் விலகினார். பெண்கள் வாயில் கஞ்சி ஊட்டிவிட்டார்கள். செண்டை அடிக்கிறவர்கள் செண்டையைக் கீழே வைத்துவிட்டு அவர்களும் வரிசையில் நின்றார்கள்.

டிரைவர் குட்டப்பன் இருக்கையை விட்டு இறங்கவில்லை. இந்த வண்டிகளின் கைப்பிரேக் சக்கரத்தில் பிடிக்காது, ஷாஃப்ட்டில்தான் பிடிக்கும். ஷாஃப்ட் போனால் அதுவும் போச்சு. சக்கரத்துக்குக் கீழே கல்லும் கட்டையும் அடித்திருந்தார்கள். இருந்தாலும் அவர் கால்பிரேக்கை மிதித்தபடியே ஐந்து மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். "காலை எடுத்தால் வண்டி இவர்கள் மேல் வரும்" என்றார் மலையாளத்தில், அவ்வளவுதான்.

லோரிக்குப் பக்கத்தில் யாரும் செருப்புப் போடவில்லை. தங்கையன் செருப்பைக் கழற்றினார். கழற்றிவிட்டுத் தயங்கினார்.

"சாரே, நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். போதாததுக்குக் காலத்தே மீன் தின்னாச்சு."

வரிசையில் நின்ற ஒரு கிழவர், கழுத்தைத் திருப்ப முடியாமல், மரத்தோடு பேசுகிற மாதிரி சொன்னார்: "ஷாஃப்ட் மீன் தின்னிட்டில்லல்லோ. கேறிக்கோ ஆசானே."

ஷாஃப்ட் மீன் சாப்பிடவில்லையாம், உள்ளே போகலாமாம். வரிசை முழுவதும் சிரித்தது. மரம் லேசாக ஆடியது. "சிரிக்காதே, சிரிக்காதே" என்று சுகுமாரன் கத்தினார்.

நானும் தங்கையனும் லோரிக்குக் கீழே நுழைந்தோம். உடைந்த கிராஸின் தொப்பி ஒன்று தான் இருந்த துளையையே அரைத்துப் பெரிதாக்கியிருந்தது. புதிய தொப்பி அதில் லொடலொடவென்று ஆடும். தங்கையன் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கூரான ஓர் உளியை எடுத்து, துளையின் உள்சுவர் முழுவதும் நெருக்கமாகப் புள்ளி புள்ளியாக அடித்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் சுற்றிலும் இரும்பு கடுகளவு மேலெழும்பும். அந்த மேடுகள் தொப்பியை இறுக்கிப் பிடிக்கும். மல்லாந்து படுத்து, முகத்தில் துரு கொட்ட, நூறு புள்ளிக்கு மேல் அடித்தார். ஒன்றுகூட விலகவில்லை.

அப்போது மழை பிடித்தது. செம்மண் தண்ணீர் எங்கள் முதுகுக்குக் கீழே ஓடியது. ரோசம்மா ஒரு குடைக்குள் குந்தி உட்கார்ந்து தொப்பிகளைப் புடவைத் தலைப்பால் மூடி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக நீட்டினார். நாங்கள் அடித்து ஏற்றினோம். மூன்று ஏறியது. நான்காவது முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. தங்கையன் சுத்தியலை ஓங்கினார்.

"அடிக்காதீங்க" என்றார் ரோசம்மா. கையை நீட்டி மூட்டை மெல்ல ஆட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஒண்ணு படுத்துட்டு. எடுங்க."

கழற்றிப் பார்த்தோம். தொப்பிக்குள் ஓர் ஊசி சாய்ந்து அடியில் குறுக்கே படுத்திருந்தது. அந்த மழைச் சத்தத்தில், செண்டைக்காரர்களின் 'அம்மே நாராயணா'வில், இரும்புக்குள் ஓர் ஊசி படுத்த சத்தம் அவர் காதுக்கு எப்படி எட்டியது? நான் இன்றைக்கும் என் பட்டறையில் நாலாவது தொப்பியை அடிப்பதற்கு முன்னால் மூட்டை ஆட்டிக் காதைக் கொடுத்துப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை.

கடைசியில் ஷாஃப்ட்டின் இரண்டு பாதிகளையும் ஒன்றுக்குள் ஒன்று செருகும்போது நானும் ஒரு வேலை செய்தேன். இரண்டு முனை மூட்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். அவசரத்தில், உள்ளே வரிவரியாக இருக்கும் பற்களில் ஒரு பல் தள்ளிச் செருகிவிட்டோம். "தங்கையா, நில்லுங்க. கோணல்" என்றேன். அவர் எட்டிப் பார்த்து, "அய்யய்யோ" என்று நெஞ்சில் கை வைத்தார். உருவி மறுபடி செருகினோம். கோணலாகவே போயிருந்தால் நெடுமங்காட்டுக்கு முன்னாலேயே மறுபடி உடைந்திருக்கும்.

வெளியே வந்தோம். குட்டப்பன் என்ஜினை முடுக்கினார். தோள் கொடுத்தவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். கியர் விழுந்தது. ஷாஃப்ட் அரைச் சுற்று சுற்றி, பாரம் முழுவதையும் வாங்கி, ஒரு கணம் அப்படியே நின்றது. ரோசம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு சக்கரம் செம்மண்ணைக் கடித்தது. லோரி ஓரடி ஏறியது. மரத்தின் கீழே நின்றவர்கள் தோளை எடுக்காமல் கூடவே ஓரடி வைத்தார்கள். இன்னோர் அடி. அவ்வளவு பேரும், மரமும், லோரியும் ஒரே உடம்பாக அந்த மேட்டில் ஊர்ந்து ஏறியதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. நான் பார்த்த காடுகளில் யானை மரம் இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். இது அதைவிடப் பெரியதாக இருந்தது.

உச்சிக்கு வந்ததும்தான் பெண்கள் குரவையிட்டார்கள். குட்டப்பன் அங்கே வண்டியை நிறுத்தி, காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தார்.

அந்தி விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குக் கோயில் போய்ச் சேர்ந்தோம். வழி நெடுக வீட்டு வாசலில் விளக்கு வைத்துக் காத்திருந்தார்கள். கோயில் மைதானத்தில் பெருங்கூட்டம். மறுபடி தோள்கள். மரம் லோரியிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கிடைமட்டமாக அடுக்கிய கட்டைகளுக்கு. மண்ணில் படவேயில்லை. கூட்டம் மரத்தைத் தொட்டுக் கும்பிட முண்டியடித்தது. செண்டை இப்போதுதான் உண்மையாக முழங்கியது. சுகுமாரன் அழுதுகொண்டே எல்லோரையும் கட்டிப் பிடித்தார். யாரோ என் கையில் வாழையிலையில் சூடான பாயசம் வைத்தார்கள்.

தங்கையனைத் தேடினேன். கூட்டத்தில் இல்லை. காலியாக நின்ற லோரிக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. குனிந்தேன். அவர் மல்லாந்து படுத்து மூட்டின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். அத்தனை மேடும் பள்ளமும் ஓடி வந்த மூட்டு. உள்ளே ஏதாவது உரசியிருந்தால் கொதிக்கும், கை வைக்க முடியாது.

"வாங்க அண்ணாச்சி" என்றார். "தொட்டுப் பாருங்க."

பாயசத்தை மண்ணில் வைத்துவிட்டு உள்ளே தவழ்ந்து போய்க் கையை வைத்தேன். மழைத்தண்ணீரும் கிரீஸுமாக இருந்தது. அதற்கு அடியில் இரும்பு, தூங்குகிற குழந்தையின் நெற்றி மாதிரி, இளஞ்சூட்டில் இருந்தது. காய்ச்சல் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தோம்.